பாகம்: கையை விரித்துக் கடலை அளந்த கதை

சாரத்தில் மாலை நேரத்தில் பூ வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு நிரந்தரக் குறை உண்டு. பூக்காரம்மாவின் முழம் எப்போதும் குட்டை! முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம் என்பது கணக்கு. ஆனால் யாருடைய முழங்கை? வாங்குகிறவர் உயரமாக இருந்தால் "என் கையால அளந்து குடுங்க" என்பார். பூக்காரம்மா சிரித்துக்கொண்டே தன் கையாலேயே அளப்பார். அளவுகோல் அவர் உடம்பிலேயே இருக்கிறது, அதை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது.

சாரத்திலிருந்து கிழக்கே சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். அங்கே, குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும், இதே வகையான இன்னொரு அளவு புழங்குகிறது. அதன் பெயர் பாகம். "பத்துப் பாகத்துல வலை போட்டோம்" என்று ஒரு மீனவர் சொன்னால், பத்துப் பங்கு என்று அர்த்தமில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுதாக விரித்தால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை வருகிற நீளம்தான் ஒரு பாகம். ஏறக்குறைய ஒரு ஆளின் உயரம். ஆக, பத்துப் பாகம் என்றால் பத்து ஆள் ஆழம்.

ஏன் கையை விரித்து அளக்க வேண்டும்? தண்ணீருக்குள் கோல் வைத்து அளக்க முடியாது, கயிறுதான் இறங்கும். இறங்கிய கயிற்றை மேலே இழுக்கும்போது கை தானாக விரிகிறது. ஒரு இழுப்புக்கு ஒரு பாகம். வேலையும் அளவும் ஒரே அசைவில் முடிந்துவிடுகின்றன. அதனால்தான் ஒருவரை ஒருவர் பார்த்தே இராத நாடுகளின் கடலோடிகள்கூட இதே அளவைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயரின் ஃபாதம் என்ற சொல்லின் பழைய பொருள் கைகளை விரித்து அணைப்பது. பிரெஞ்சுக்காரர்களின் பிராஸ் என்ற சொல் கை என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. மலையாளத்தில் மாறு. கிரேக்கரிடமும் இதே அளவு இருந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், எகிப்துக் கரையிலிருந்து ஒரு நாள் பயணத் தூரத்தில் கயிறு விட்டால் பதினொரு பாகத்தில் சேறு வரும் என்று எழுதி வைத்திருக்கிறார். பவுலின் கப்பல் மால்டா தீவின் அருகே புயலில் சிக்கிய கதை பைபிளில், அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் வருகிறது. நள்ளிரவில் மாலுமிகள் கயிறு விட்டுப் பார்க்கிறார்கள், 20. கொஞ்ச தூரம் போய் மறுபடி விடுகிறார்கள், 15. கரை நெருங்குகிறது, பாறையில் மோதப் போகிறோம் என்று தெரிந்து நான்கு நங்கூரங்களைப் போட்டுவிட்டு விடியலுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த 20க்கும் 15க்கும் தமிழ் பைபிளில் போட்டிருக்கும் சொல் பாகம்தான். மொழிபெயர்த்தவர்கள் புதுச் சொல் எதையும் தேடிக்கொண்டு போகவில்லை. கடற்கரையில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

சரி, கயிற்றில் குறி எதற்கு? இதைப் புரிந்துகொள்ள மிக எளிமையான உதாரணம் நம் ஊரில் இல்லை. பின்லாந்து, கனடா மாதிரியான குளிர் நாடுகளில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். பனிக்கட்டியில் துளை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். முதலில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு தொய்யும். அந்த இடத்தில் நரம்பில் ஒரு நூலை முடிந்துவிடுவார்கள். பிறகு தூண்டிலைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். மீன் சிக்கினால் இழுத்து, கழற்றி, மறுபடி அந்த நூல் வரை இறக்கினால் போதும், பழைய ஆழத்துக்கே போய்விடும். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் குறிக்கு எண் கிடையாது. அது எத்தனை அடி என்று அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. மீன் கடித்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுமரத்தில் போய்க் கைத்தூண்டில் போட்டவருக்கும் அடிப்படையில் இதே தேவைதான். ஆனால் அவருக்குக் கீழே அசையாத பனிக்கட்டி இல்லை. கட்டுமரம் நகரும், நீரோட்டம் நரம்பைச் சாய்க்கும், நின்ற இடம் மாறும். அதனால் வெறும் முடிச்சு போதாது, எண்ணிக்கையும் வேண்டும். வஞ்சிரம் மேல்தண்ணீரில் திரியும். சங்கரா அடியில் மேயும். கலவா பார்களில், அதாவது கடலடிப் பாறைகளில், பதுங்கிக் கிடக்கும். எந்த மீன் எத்தனையாவது பாகத்தில் என்பது தெரியாமல் தூண்டிலைத் தொங்கவிடுவது, கடை எந்தத் தெருவில் என்று தெரியாமல் சரக்கை ஏற்றி அனுப்புவது மாதிரி. ஈயக்குண்டு இன்னொரு சேதியும் சொல்லும். சேற்றில் விழுந்தால் மெத்தென்று அமுங்கும், மணலில் தட்டி நிற்கும், பாரில் விழுந்தால் 'டக்'கென்று கைக்குத் தெரியும். ஆழம் எவ்வளவு, அடியில் என்ன என்ற இரண்டு விவரங்கள் கைக்குக் கிடைக்கின்றன. கரையில் தெரிகிற மரம், கோபுரம், கலங்கரை விளக்கம் ஆகியவற்றில் எது எதற்கு நேராக வருகிறது என்று பார்த்தால் மூன்றாவது விவரம், நிற்கும் இடம். இந்த மூன்றும் சேர்ந்தால் அதுதான் மீனவரின் கடல் வரைபடம். காகிதம் கிடையாது, அச்சும் கிடையாது.

இந்த அளவில் ஒரு பலமும் பலவீனமும் ஒன்றாகவே இருக்கின்றன. 5 அடி 4 அங்குலம் உயரமுள்ளவரின் பாகமும் 5 அடி 10 அங்குலம் உயரமுள்ளவரின் பாகமும் ஒன்றல்ல. பத்துப் பாகத்தில் ஐந்தடி வித்தியாசம் வந்துவிடும்! ஆனால் தன் கயிற்றைத் தன் கையால் அளந்து தானே பயன்படுத்தும் வரை பிரச்சினை இல்லை. தகப்பன், பிள்ளை, ஒரே மரத்தில் போகிற இரண்டு பேர் என்றால் சமாளித்துக்கொள்ளலாம். பழைய வியாபாரிகள் தங்கள் கணக்குப் புத்தகத்தைத் தங்களுக்கு மட்டுமே புரிகிற குறிகளில் எழுதி வைத்தார்களே, அது மாதிரி. சிக்கல் எப்போது வரும்? அந்தப் புத்தகத்தை இன்னொருவர் படிக்க வேண்டி வரும்போது.

புதுச்சேரியில் அந்த நாள் கப்பல்களோடு வந்தது.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் இந்தியத் தலைநகராக இருந்ததே தவிர, அதற்கு உருப்படியான துறைமுகம் இருந்ததில்லை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் அலைகளைத் தாண்டி மசூலாப் படகுகளில் கரைக்கு வருவார்கள். கடலுக்குள் நீளும் முதல் பாலம் கட்டப்பட்டதே 1866ல்தான் (அதுவும் 1952 புயலில் போய்விட்டது). சுற்றிலும் மலையோ விரிகுடாவோ இல்லாத, நேர்கோடாகக் கிடக்கும் கரையில், எங்கே நிற்பது என்று மாலுமிக்குச் சொல்லக்கூடிய முக்கியமான கருவி ஆழக்கயிறு. ரொம்பக் கிட்டே போனால் தரைதட்டும். ரொம்பத் தள்ளி நின்றால் படகு வந்து போக அரை நாள் ஆகும். நங்கூர வடத்தை எவ்வளவு விடுவது என்பதும் ஆழத்தைப் பொறுத்ததுதான். ஆழத்தைப் போல் பல மடங்கு நீளம் விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும்.

அந்த இடம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரே ஒரு நாள் போதும். 1761 ஜனவரி 1. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு, அவர்களுடைய போர்க்கப்பல்கள் ஊருக்கு எதிரே நங்கூரத்தில் நின்றிருந்த நேரம். புயல் அடித்தது. மூன்று கப்பல்கள் மூழ்கின, மூன்று கப்பல்கள் ஊருக்குத் தெற்கே கரையில் ஒதுங்கி உடைந்தன. சுமார் 1100 பேர் இறந்தார்கள். ஆனாலும் முற்றுகை விலகவில்லை. அதே மாதத்தின் நடுவில் ஊர் சரணடைந்தது.

அந்தக் காலத்துக் கப்பலின் ஆழக்கயிறு ஒரு அற்புதமான பொருள். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஆங்கிலக் கப்பல்களில் கையால் வீசும் ஈயக்குண்டு 7 முதல் 14 பவுண்டு எடை. அதோடு இருபது பாகத்துக்குச் சற்று மேற்பட்ட கயிறு. முன்பக்கத்தில் ஓரமாக நிற்கிற மாலுமி, கப்பல் நகர நகர, குண்டைச் சுழற்றி முன்னால் வீசுவார். கயிறு செங்குத்தாக வரும் நொடியில் தண்ணீர் மட்டத்தில் எந்தக் குறி இருக்கிறது என்று பார்த்து உரக்கக் கத்துவார். பகலில் பார்க்கலாம். இரவில்? அதற்காகத்தான் குறிகள் எண்ணாக இல்லாமல் பொருளாக இருந்தன. 2 பாகத்தில் இரண்டு வால் உள்ள தோல் துண்டு. 3ல் மூன்று வால் உள்ள தோல். 5ல் வெள்ளைத் துணி. 7ல் கொடி தைக்கிற சிவப்புத் துணி. 10ல் ஓட்டை போட்ட தோல். 13ல் நீலக் கம்பளித் துணி. 15ல் மறுபடி வெள்ளை, 17ல் மறுபடி சிவப்பு. 20ல் இரண்டு முடிச்சு போட்ட நூல். வெள்ளை, சிவப்பு, நீலம் என்று வண்ணம் மட்டும் மாறவில்லை, துணியின் சொரசொரப்பும் மாறுகிறது. கும்மிருட்டில் விரலால் தடவியே சொல்லிவிடலாம். குளிரில் விரல் மரத்துப்போனால் உதட்டில் வைத்துப் பார்ப்பார்களாம்!

4, 6, 8, 9 எல்லாம் எங்கே என்று கேட்கலாம். அவற்றுக்குக் குறியே கிடையாது. குறி உள்ள இடத்தை மார்க் என்றும், குறி இல்லாத இடத்தை டீப் என்றும் சொல்வார்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே மாலுமி கண்ணால் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் துணி கட்டினால் இருட்டில் எது எதுவென்று குழம்பிவிடும் என்பதால் வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் இரண்டாவது குறியை "மார்க் ட்வைன்" என்று கூவுவார்கள். 2 பாகம், அதாவது 12 அடி ஆழம், படகு பத்திரமாகப் போகலாம் என்று அர்த்தம். அங்கே படகோட்டியாக இருந்த சாமுவேல் கிளெமன்ஸ் பிற்பாடு அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். உலகப் புகழ் பெற்ற ஒரு எழுத்தாளரின் பெயர் ஒரு கயிற்றுக் குறி!

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். புதுக் கயிறு நனைந்தால் நீளம் மாறும், அதனால் கயிற்றை நனைத்து இழுத்து வைத்த பிறகுதான் குறி கட்டுவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் கொழுப்பைப் பூசி இறக்குவார்கள். மேலே வரும்போது மணல், சேறு, சிப்பித் துகள் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். எதுவும் ஒட்டாமல் கொழுப்பில் பள்ளம் மட்டும் இருந்தால் பாறை. நம் மீனவர் கையால் உணர்ந்து தெரிந்துகொண்டதை இவர்கள் கொழுப்பில் ஒட்டிப் பார்த்தார்கள். கேள்வி ஒன்றேதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கப்பல்காரர்கள் தங்கள் அளவுகளைக் காகிதத்தில் எழுதினார்கள், விற்றார்கள், அச்சடித்தார்கள். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவரான டாப்ரே தெ மன்வியெத் 1745ல் இந்தியப் பெருங்கடல் வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 1775ல் அது பெரிதாகத் திருத்தப்பட்டு மறுபடி வந்தது. ஆங்கிலேயர் பக்கம் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். இவர் 1750களில் சென்னையில் கம்பெனியின் ரைட்டராக, அதாவது கணக்கும் கடிதமும் எழுதுகிற குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்தவர். (காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க!) பேரேட்டில் தொடங்கியவர் 1779ல் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியானார், 1795ல் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் வரைபட அதிகாரியானார்.

இங்கேதான் பூக்காரம்மாவின் முழம் மறுபடி வருகிறது. பிரெஞ்சு பிராஸ் என்பது 5 பிரெஞ்சு அடி, அதாவது 1.62 மீட்டர். ஆங்கில ஃபாதம் 6 ஆங்கில அடி, 1.83 மீட்டர். ஒரு பாகத்துக்கு சுமார் 20 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் பிரெஞ்சு வரைபடத்தில் 20 என்று போட்டிருக்கும் இடத்தை ஆங்கிலேயர் தன் கணக்கில் படித்தால், இல்லாத 4 மீட்டர் தண்ணீரை இருப்பதாக நம்புவார். கணக்கில் வரவு மட்டும் ஏறி, கையில் காசு இல்லாத நிலை! புதுச்சேரியோ 1761ல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1765ல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி, 1778ல் மறுபடி போய், 1785ல் திரும்பி, 1793ல் இன்னொரு தடவை போய், 1816ல் கடைசியாகத் திரும்பிய ஊர். கொடி மாறும் ஒவ்வொரு முறையும் கரைக்கு எதிரே இருந்த அதே தண்ணீர் இன்னொரு எண்ணால் அளக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1795ல் மீட்டர் சட்டமானது இந்த மாதிரித் தலைவலிகளால்தான். யார் கையும் வேண்டாம், பூமியையே அளந்து ஒரு கோலை எடுப்போம் என்று முடிவு செய்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஒருவர் கையை விரித்தால் வரும் நீளம் கிட்டத்தட்ட அவர் உயரம். 5 அடி 4 அங்குல உயரமுள்ள ஒரு குருசுக்குப்பத்து மீனவர் கையை விரித்தால் 1.62 மீட்டர். அச்சு அசலாகப் பிரெஞ்சு பிராஸ்! லண்டனின் ஆறடி அளவைவிட பாரீஸின் அளவு அவருடைய உடம்புக்குப் பொருந்தியிருக்கிறது. ஆனால் வரைபடம் போட்ட இரண்டு தரப்பும் அவர் கையை அளந்து பார்க்கவில்லை. அந்தக் கரையில் அலையைத் தாண்டிக் கப்பல் வரை போய் வரத் தெரிந்தவர்கள் கட்டுமரக்காரர்களும் மசூலாக்காரர்களும்தான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கடிதம் கொண்டுபோனதே கட்டுமரம்தான். அவர்களுடைய பாகம் மட்டும் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. தனிக் கணக்குப் புத்தகத்தின் விதி அது. எழுதியவர் போனால் கணக்கும் போய்விடும்.

ஆழம் அதிகமாக ஆக, கயிறு தோற்றது. ஆயிரம் பாகத்துக்கு மேல் சணல் கயிறு தன் எடையாலேயே இறங்கிக்கொண்டிருக்கும். குண்டு தரையைத் தொட்டதா இல்லையா என்று கைக்குத் தெரியாது. கடலடித் தந்திக் கம்பிகள் போட ஆரம்பித்த காலத்தில் (சென்னையிலிருந்து பினாங்குக்கு 1871ல் கம்பி போனது) இது வியாபாரப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. 1872ல் வில்லியம் தாம்சன், பிற்பாடு கெல்வின் பிரபு ஆனவர், கயிற்றுக்குப் பதில் பியானோ கம்பியைக் கட்டி 2700 பாகம் ஆழத்தை அளந்து காட்டினார். ஆனாலும் அதே வருடம் உலகம் சுற்றக் கிளம்பிய சேலஞ்சர் கப்பல் சணல் கயிற்றையே நம்பியது. அந்தக் கயிற்றாலேயே 1875ல் பசிபிக்கில் 4475 பாகம் ஆழத்தைத் தொட்டது, 8 கிலோமீட்டருக்கும் மேல்!

பனிக்கட்டித் துளைக்காரரின் கதை இங்கே மிகப் பெரிய அளவில் ஒருமுறை நடந்தது. நார்வேக்காரரான நான்சன் தன் ஃபிராம் கப்பலை 1893ல் வேண்டுமென்றே வடதுருவக் கடலின் பனியில் உறைய விட்டார். பனியோடு சேர்ந்து நகர்ந்து துருவத்தை நெருங்குவது திட்டம். துருவக் கடல் ஆழமில்லாதது என்று நம்பியதால் போதுமான ஆழக்கயிறு எடுத்துப் போகவில்லை. பனியில் துளை வழியே கயிற்றை இறக்கினால்... இறங்கிக்கொண்டே போகிறது, தரை வரவில்லை! கடைசியில் கப்பலின் எஃகு வடம் ஒன்றையே பலிகொடுத்தார்கள். அதைப் புரி புரியாகப் பிரித்து, 4000 மீட்டருக்கு மேல் நீளமான கம்பியாக முடைந்து இறக்கியபோது, 3000 மீட்டருக்கும் கீழே தரை தட்டியது. வடதுருவம் ஆழமான கடல் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

பிறகு ஒலி வந்தது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எத்தனை நேரம் ஆகிறது என்று கணக்குப் போட்டால் ஆழம் கிடைத்துவிடும். ஜெர்மானியரின் மெட்டியோர் கப்பல் 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படி ஆழம் பார்த்தது. கயிற்றால் பார்த்திருந்தால் ஒரு இடத்துக்கே பல மணி நேரம் ஆகியிருக்கும்.

நம் கரைக்கு இந்தக் கருவி வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. முதலில் நைலான் வலை, பிறகு மோட்டார், பிறகு கண்ணாடியிழைப் படகு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கட்டுமரங்களும் படகுகளும் போன பிறகு, நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்து இறங்கின. கட்டுமரம் அநேகமாக மறைந்துவிட்டது. ஜி.பி.எஸ். வந்ததும் கோபுரத்தையும் மரத்தையும் நேர்பார்த்து இடம் பிடிக்கிற வேலை குறைந்தது. எதிரொலிக் கருவியின் திரையில் ஆழம் எண்ணாகவே வருகிறது. அந்த எண்ணை மீட்டரிலும் வைக்கலாம், ஃபாதத்திலும் வைக்கலாம். படகில் பேசும்போது மட்டும் அது இன்னும் பாகம்தான். லண்டனின் ஆறடி கடைசியில் பாகம் என்ற பெயரோடு நம் படகில் ஏறிவிட்டது, சொந்தக் கையின் அளவு இறங்கிவிட்டது.

ஆனால் கயிற்றுக் குறி இன்னும் போகவில்லை. திரை சொல்வது கடலின் ஆழத்தை. தூண்டிலின் ஆழத்தை அது சொல்லாது. 18 பாகத்தில் தரை இருக்கிறது, 15ல் மீன் கூட்டம் தெரிகிறது என்று கருவி காட்டிவிடும். அந்த 15க்கு முள்ளை இறக்கி நிறுத்த வேண்டியது நரம்பைப் பிடித்திருக்கும் கைதான். பின்லாந்துப் பனிக்கட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே கதைதான். துளைக்குப் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் ஆழக்கருவி மினுக்கிக்கொண்டிருக்கும், நரம்பிலே நூல் முடிச்சும் இருக்கும். வீராம்பட்டினம் கரையில் காலையில் நரம்பைச் சுற்றி வைக்கிறவரைக் கவனித்தால் தெரியும். இரண்டு கையையும் விரித்து, மார்புக்குக் குறுக்கே நரம்பை இழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவார், ஐந்தாவதில் ஒரு வண்ண நூலை எடுத்து இறுக்கிக் கட்டுவார்.